கந்தக பூமியின் கதை – 17: ஆறு வயதுக்கு முன்

சென்ற பகுதியில் 1976-ஆம் ஆண்டுப் பேருந்து விபத்தையும், அதையொட்டி ஹர்பன்ஸ் சிங் தலைமையில் தமிழக அரசு நடத்திய விசாரணையையும் பார்த்தோம். ஆபீஸ் என்று இங்கே சொல்லப்படும் தீப்பெட்டி ஆலைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகள் பலர் அந்த விபத்தில் மாண்ட பிறகே, சிவகாசியில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள் என்பது அரசின் கோப்புகளில் அழுத்தமாக ஏறியது. அன்று தொடங்கி இன்றுவரை இந்த வட்டாரத்துக் குழந்தைத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பற்றியே எழுதினார்கள். சட்டம் பேசுவதும் பள்ளிக் கணக்கெடுப்பு பேசுவதும் அந்த வயதைத்தான். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகுமா, ஆபீஸ் பஸ்ஸில் ஏறுமா என்பது ஆறு வயதில் முடிவானதல்ல. அதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளிலேயே பெருமளவு முடிவாகிவிட்டது என்பதே இந்தப் பகுதியின் வாதம். தாய் வேலைக்குப் போன பிறகு கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், நான்கு வயதுப் பிள்ளை பகலில் எங்கே உட்கார்ந்திருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடாமல் இந்த மண்ணின் கல்வி வரலாற்றை எழுத முடியாது.

படிப்பின் மீது ஆசையில்லாத ஊர்கள் இவை என்று யாரும் சொல்லிவிட முடியாது. விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட இன்றைய விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை 1889-லேயே தொடங்கப்பட்டது. வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் எடுத்து வைத்த மகமையும், வீடுதோறும் உலை வைக்கும்போது ஒதுக்கிய பிடியரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கின. அரசு மானியத்தை எதிர்பார்த்திராமல் ஊரே பள்ளி நடத்திய முன்னோடி முயற்சிகளில் அதற்குத் தனி இடம் உண்டு. 1903-இல் பிறந்த காமராசர் ஐந்து வயதை ஒட்டித் திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்; பின்னர் வித்யாசாலையில் படித்து, ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனார். அந்தக் காலத்தின் வழக்கம் இது. ஐந்து வயதில் அரிச்சுவடி; அதற்கு முன்னால் வீடு. வீட்டில் பாட்டியும் அத்தையும் அக்காவும் இருந்தார்கள், தாய் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய வேலையிலோ காட்டு வேலையிலோ இருந்தாள். ஐந்து வயதுக்கு முந்தைய குழந்தையைப் பற்றி ஊர்ப் பொதுமன்றம் யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. பள்ளிக்காக அரிசி எடுத்து வைத்த ஊர், பள்ளிக்கு முந்தைய வயதைக் குடும்பத்தின் பொறுப்பாகவே விட்டிருந்தது.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். மழை பொய்த்த கரிசலில் காட்டு வேலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது ஆண்டு முழுவதும் கூலி தரும் தொழிலாக வந்தது. கைத் தொழிலாகவே அது பெருகியதால், இயந்திரம் செய்ய வேண்டியதை விரல்கள் செய்தன. கட்டையில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, டஜன் கட்டுவது என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. கூலி எண்ணிக்கைக்கு ஏற்பக் கிடைத்தது. இதில் பெட்டி ஒட்டும் வேலை ஆபீசுக்கு வெளியே, வீட்டுத் திண்ணைக்கே வந்துசேர்ந்தது. தாய் பசைச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தவழும் குழந்தை அவள் மடியருகே கிடக்கும். மூன்று வயதில் பெட்டிக்கான மரச் சீவலை எடுத்து நீட்டும். நான்கு வயதில் மடிக்கப் பழகும். ஐந்து வயதில் குரோஸ் கணக்குக்குத் தன் பங்கைச் சேர்க்கும். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பள்ளியில் நூறுவரை எண்ணத் தெரியாத பிள்ளை என்று சேர்க்கைப் பதிவேட்டில் ஒதுக்கப்பட்ட பலருக்கு, வீட்டில் நூற்று நாற்பத்து நான்கு எண்ணத் தெரிந்திருந்தது. திறமைக் குறைவு என்ற விளக்கம் இந்த ஊரில் எடுபடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஸ்மிது கோத்தாரி 1983-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை இந்த வயதுக் கணக்கை முதன்முதலாகப் பரவலாக அறியச் செய்தது. சிவகாசி வட்டாரத்தில் வேலை பார்த்த பிள்ளைகள் சுமார் 45,000 பேர் என்று சொன்ன அவர், அவர்களின் வயது மூன்றரையிலிருந்து பதினைந்துவரை என்றும் குறிப்பிட்டார். விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் கிராமங்களுக்கு வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. மூன்றரை வயதுப் பிள்ளையை எந்த முதலாளியும் கூலிக்கு அமர்த்தி லாபம் பார்த்திருக்க முடியாது. அந்தக் குழந்தை பஸ்ஸில் இருந்ததற்குக் காரணம், அதை விட்டுச் செல்ல வேறு இடமில்லாமல் தாயோ அக்காவோ கூட்டிச் சென்றதுதான் என்று கொள்வதே பொருத்தமாக இருக்கும். வேலைக்கு வந்த பிள்ளைகளில் பெண் பிள்ளைகளே அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பெண் வேலைக்குப் போனாலும் வீட்டில் இருந்தாலும் இடுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தது. அவள் பள்ளிக்கு வராததற்குக் கூலி ஒரு காரணம் என்றால், அந்தக் கைக்குழந்தை மற்றொரு காரணம். முதல் காரணத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது காரணம் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

இந்தச் சிக்கல் சிவகாசிக்கு மட்டும் உரியதல்ல. உலகில் சிறு குழந்தைகளுக்கான பள்ளிகளின் வரலாற்றைப் புரட்டினால், அவற்றின் பிறப்பிடங்களில் சில இதே போன்ற ஆலை வாசல்களாக இருப்பதைக் காணலாம். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையை நடத்திய ராபர்ட் ஓவன், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலைக்குள் எடுக்க மறுத்தார். 1816-இல் ஆலைக் குடியிருப்பிலேயே மழலையர் பள்ளி திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகள்கூட அங்கே சேர்க்கப்பட்டனர். தாய் ஆலையில், பிள்ளை அருகிலேயே பள்ளியில் என்ற ஏற்பாடு அது. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லமும் தொழிலாளர் குடியிருப்பில்தான் அமைந்தது. பெற்றோர் வேலைக்குப் போன பின் மாடிப்படிகளிலும் முற்றத்திலும் தனியாகத் திரிந்த பிள்ளைகளுக்கென அந்த இல்லம் உருவானது. ஆனால் அதே மாண்டிசோரி முறை நம் நாட்டுக்கு வந்தபோது அதன் முகவரி மாறிவிட்டது. 1920-இல் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா தொடங்கிய பாலமந்திரும், 1939-இல் மாண்டிசோரி அம்மையாரே வந்து அடையாற்றில் நடத்திய பயிற்சியும் மதிக்கத்தக்க முயற்சிகள். எனினும் அவை வளர்த்துவிட்ட மரபு நகரத்து நடுத்தர வீடுகளை நோக்கியே சென்றது. தாராபாய் மோடக் 1945-இல் போர்டியில் கிராமத்துப் பால்வாடியைத் தொடங்கி அந்தப் போக்கைத் திருப்பப் பார்த்தார். ஆனாலும் ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்காகப் பிறந்த பள்ளி, ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கு எட்டாத பள்ளியாகவே இங்கே வேரூன்றியது.

அரசின் சிந்தனையும் இந்தப் பிளவை ஆழப்படுத்தியது. 1944-இன் சார்ஜென்ட் அறிக்கை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் பத்து லட்சம் பேருக்கு இலவச மழலையர் கல்வி தர வேண்டும் என்றது. அரசியல் சாசனத்தின் 45-ஆவது பிரிவு பதினான்கு வயது முடியும்வரை கட்டாய இலவசக் கல்வி என்றபோது, அதற்குக் கீழ் எல்லை எதுவும் வகுக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தையையும் அந்த வாசகம் உள்ளடக்கியிருந்தது. ஆனால் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, மழலையர் கல்வியைப் பெரும்பாலும் தனியாரிடம் விட்டுவிடலாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. பள்ளிக்கே பணம் போதாத நாட்டில் அந்த முடிவைக் குறை சொல்வது எளிது. அதன் விளைவைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். சிவகாசியின் தீப்பெட்டி கிராமங்களில் நர்சரி நடத்தத் தனியார் எவரும் வரக் காத்திருக்கவில்லை. அங்கே நான்கு வயதுப் பிள்ளையைத் தேடி வந்தது பெட்டி ஒட்டும் வேலை மட்டும்தான்.

சட்டம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, மிக முன்னதாகவே இருந்தது. 1938-ஆம் ஆண்டுக் குழந்தை வேலை வாய்ப்புச் சட்டத்தின் அட்டவணையிலேயே தீப்பெட்டியும் வெடிபொருளும் பட்டாசும் இடம்பெற்றிருந்தன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 48-ஆவது பிரிவில், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலை ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. நியூ லனார்க்கின் ஏற்பாட்டுக்கு நம் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்ற நேர் வாரிசு இந்தப் பிரிவுதான். ஆனால் சிறு அளவில் தீப்பெட்டி செய்வோருக்குக் கலால் வரியில் சலுகை இருந்ததால், ஒரே நிறுவனம் பல பெயர்களில் பல சிறு ஆபீசுகளாகப் பிரிந்து நின்றது. வரிக்காகச் செய்த பிரிவினை காப்பகப் பொறுப்பையும் கூடவே கரைத்தது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவளோ எந்த ஆலைச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், குடும்பத்தினர் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்து, அந்தத் திண்ணையைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. குழந்தை முதன்முதலில் வேலையைக் கற்றுக்கொண்ட இடம் எதுவோ, அந்த இடத்தில் சட்டம் நுழையவே இல்லை.

இப்படிச் சட்டம் எட்டாத இடத்துக்குச் சோறு எட்டியது. தமிழக அரசின் கை எந்த வயதுவரை கீழே இறங்கியது என்பதை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு தெளிவான வரலாறு கிடைக்கும். காமராசர் ஆட்சியில் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்ட மதிய உணவுத் திட்டம் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு உரியது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான மத்தியக் குழு 1972-இல் கொடுத்த அறிக்கை பள்ளிக்கு முந்தைய வயதைத் தேசியக் கவலையாக்கியது. 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குச் சத்துருண்டை கொடுத்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஒன்பது வயதுவரை உள்ள பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு வயது முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இந்தக் கடைசி அடி கரிசல் கிராமங்களுக்கு மிகப் பெரியது. ஒவ்வொரு ஊரிலும் பால்வாடி என்று ஒரு கட்டடம், ஒரு டீச்சர், ஓர் ஆயா, மதியம் சோறு. நான்கு வயதுப் பிள்ளை பகலில் உட்கார, பசைச் சட்டியின் பக்கத்தைத் தவிர இன்னோர் இடம் முதன்முறையாக ஊருக்குள்ளேயே உருவானது. தம்பியைச் சுமந்த அக்காவின் இடுப்பும் அதனால் ஓரளவு காலியானது.

பால்வாடியின் பங்கை இப்படி மதிப்பிடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வலுவானது. சிவகாசியில் பிள்ளைகள் வேலையிலிருந்து விடுபட்டதற்குக் காரணம் பால்வாடி அல்ல. இயந்திரத் தீப்பெட்டி வந்து கைத் தொழில் சுருங்கியது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் அச்சகத்திலும் பட்டாசிலும் கூலி உயர்ந்தது, உச்ச நீதிமன்றம் தலையிட்டது என்பார்கள். இவை எதையும் மறுக்க முடியாது. ஆனால் நீதிமன்றத்தின் கதையையே சற்று நிதானமாகப் படித்தால், அது இந்த வாதத்துக்கு முழுத் துணை செய்வதில்லை என்பது விளங்கும். எம்.சி.மேத்தா வழக்கில் 1990-இல் வந்த உத்தரவு, உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, பொட்டலம் கட்டும் வேலையில் பிள்ளைகள் ஈடுபடலாம் என்று அனுமதித்து, பெரியவர் கூலியில் 60 சதவீதம் தரச் சொன்னது. குழந்தையை வேலையிலிருந்து விலக்கி, முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும் என்ற தீர்ப்பு 1996 டிசம்பர் 10-இல்தான் வந்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளோ, பெரும்பாலும் எட்டு ஒன்பது வயதைக் கடந்து ஏற்கனவே வேலைக்குப் பழகிய பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர முயன்றன. இவை எல்லாம் வெளியே போனவர்களை மீட்கும் வழிகள். இனி யாரும் போகாமல் தடுக்கும் வழி, ஆறு வயதுக்குள்ளேயே பிள்ளைக்கு ஓர் இடமும், ஒரு நேர ஒழுங்கும், தாயல்லாத ஒரு பெரியவரோடு பழக்கமும் ஏற்படுத்துவதுதான். கூலி உயர்ந்ததும் தாய் முழுநேர வேலைக்குப் போனாள் என்பதை ஏற்றுக்கொண்டால், அவள் போன பின் குழந்தை எங்கே இருந்தது என்ற கேள்வி இன்னும் அவசரமாகிறதே தவிர, மறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது வாதம், பால்வாடி என்பது சோறு போடும் இடம்; அங்கே கல்வி எங்கே நடந்தது என்பது. இதிலும் உண்மை இருக்கிறது. தொடக்க காலத்து மையங்கள் பலவற்றில் பாட்டும் விளையாட்டும் டீச்சரின் ஆர்வத்தைப் பொறுத்தே நடந்தன. ஊட்டச்சத்துத் திட்டத்தின் முதல் கட்டத்தில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பள்ளி முன்பருவக் கல்வி இடம்பெறவே இல்லை. அதற்காக அது விமர்சிக்கவும்பட்டது. ஆனால் பள்ளிக்குத் தயாராவது என்றால் அ, ஆ எழுதுவது என்று நினைப்பதால் வரும் மனக்குறை இது. வரிசையில் நிற்பது, மற்ற பிள்ளையோடு பங்கிட்டுக்கொள்வது, சொன்னதைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, தாயைப் பிரிந்து அரைநாள் இருப்பது, பசிக்காத வயிறோடு கவனிப்பது ஆகியவையே முதல் வகுப்பைத் தாங்கும் அடித்தளம். அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962-இல் தொடங்கி, 123 ஏழைப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த பெர்ரி ஆய்வு சொன்னதும் இதையொட்டியதே. மழலையர் பள்ளி ஏற்றிவிட்ட அறிவுத்திறன் மதிப்பெண் சில ஆண்டுகளில் மங்கியது. பள்ளியில் நிலைத்திருப்பதும், பிற்கால வாழ்க்கை சீராக அமைவதும் மங்கவில்லை. சிவகாசிப் பால்வாடியைப் பெர்ரி பள்ளியோடு தரத்தில் ஒப்பிட முடியாது. ஆனாலும் எழுத்தறிவை மட்டும் வைத்து முன்பருவக் கல்வியை அளப்பது தவறு என்பதை இரண்டும் சேர்ந்தே சொல்கின்றன.

மூன்றாவது வாதம் மாவட்டத்தின் பெருமையிலிருந்து வருவது. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டம், பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தைப் பிடித்தது. மழலையர் கல்வி அவ்வளவு முக்கியமென்றால், அது சரியாக இல்லாத மாவட்டம் எப்படி முதலிடம் பிடித்தது என்று கேட்கலாம். தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நான்காம் வகுப்பில் நின்றுபோன பிள்ளை அதில் வருவதே இல்லை. சலம் பென்னூர்க்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் காட்டிய பிள்ளைகளும், அதே ஆண்டுகளில் முதலிடம் பிடித்த மாணவர்களும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்தான். ஆசிரியர்களின் உழைப்பை அந்த முதலிடம் காட்டியது. வாசலுக்கே வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

புத்தாயிரத்துக்குப் பின் காட்சி மாறியது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது சாசனத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம் ஆறு வயதுக்குட்பட்டவர்களை வழிகாட்டு நெறியின் பட்டியலுக்கு ஒதுக்கியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நின்றுகொண்டது. இதற்கிடையே எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று பெயர்ப்பலகை மாட்டிய தனியார் பள்ளி வேன்கள் சிவகாசி கிராமங்களுக்குள் வந்தன. ஆபீஸ் பஸ் வந்த தெருவில் இப்போது பள்ளி வேன் வருகிறது என்பது சிறிய மாற்றமல்ல. ஆனால் அந்த வேனுக்குக் கட்டணம் கட்ட வட்டிக்கு வாங்கும் குடும்பங்களுக்கு அரசு என்ன மாற்று வைத்திருக்கிறது என்று கேட்டால், 2019 ஜனவரியில் மாநிலமெங்கும் 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத்தான் காட்ட முடியும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ள மாநிலத்தில் அது மிகச் சிறு பங்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்கியது.

பட்டாசைப் பொறுத்தவரை இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதியைச் செய்யும் இந்த வட்டாரத்தில் பெண்களே தொழிலாளர் கூட்டத்தின் பெரும்பங்கு. வெடிமருந்து புழங்கும் வளாகத்துக்குள் குழந்தைக் காப்பகம் வைப்பது ஆபத்து என்று முதலாளிகள் சொல்வது நியாயமே. 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளுக்குப் பிறகு அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அது காப்பகத்தை ஆலையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லும் காரணமே ஒழிய, கைவிடச் சொல்லும் காரணமல்ல. தொழிலாளர் குடியிருக்கும் கிராமத்திலேயே, ஆலைகள் கூட்டாகச் செலவேற்று, அங்கன்வாடியோடு இணைத்து, காலையில் தாய் வண்டி ஏறும் நேரத்திலிருந்து மாலையில் அவள் இறங்கும் நேரம்வரை நடத்துவதைச் சட்டமோ தொழில்நுட்பமோ தடுக்கவில்லை. பள்ளிக்காக மகமையும் பிடியரிசியும் எடுத்து வைத்த மரபு இந்த மண்ணிலேயே இருக்கிறது. அது ஐந்து வயதில் நின்றுவிட்டது என்பதுதான் குறை.

ஆகவே இந்தப் பகுதியின் முடிவு இது: சிவகாசியில் குழந்தை உழைப்பைக் குறைத்ததில் சட்டத்துக்கும் சந்தைக்கும் பங்கு உண்டு, ஆனால் அவை இரண்டும் பிள்ளை வேலைக்குப் போன பிறகே அதைச் சந்தித்தன. போவதற்கு முன்பே சந்தித்தது சத்துணவு மையமும் பால்வாடியும் மட்டுமே. அவற்றையும் நாம் சோற்று மையமாகவே மதித்தோம். ஆறு வயதுக்குட்பட்டோரின் கல்வியை உரிமையாக்குவதும், அங்கன்வாடியின் நேரத்தைத் தொழிலாளத் தாயின் நேரத்தோடு பொருத்துவதும் இன்னும் முடிக்கப்படாத இரண்டு வேலைகள். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வசூலிக்கச் சொன்ன ரூ.20,000 எத்தகைய நடைமுறைச் சிக்கல்களைச் சந்தித்தது என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.